குவிமாடம் வைத்தால் அரபுக் கட்டடம் ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் அரபு நாடுகளின் நவீனக் கட்டடங்களைப் பற்றி ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களும் பார்ப்பவர்களும் நம்மிடையே எவ்வளவு பேர் என்பது அந்தக் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஷார்ஜாவிலும் மஸ்கட்டிலும் ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் வருடக்கணக்கில் படம் வரைந்தவள் என்பதால் எனக்கும் இது மனதுக்கு நெருக்கமான விஷயம். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன்.

கேள்வி: துபாய்க்குச் சுற்றுலா போய் வந்தோம். எங்கே திரும்பினாலும் கண்ணாடிக் கட்டடங்கள். அரேபியாவுக்குத்தான் போனோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அவர்களுக்கென்று ஒரு கட்டடக் கலை இல்லையா மேடம்?
– எஸ்.வி., குரோம்பேட்டை

நகருக்குள் நுழையும் கடற்கழியான க்ரீக் ஓரத்தில் அல் ஃபஹீதி என்ற பழைய பேட்டைக்கு உங்களை அழைத்துப் போகவில்லையா? அடுத்த முறை கட்டாயம் கேளுங்கள். பஸ்தகியா என்பது அதன் பழைய பெயர். தெற்கு ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்து குடியேறிய வியாபாரிகள் கட்டிய வீடுகள் அவை. சுவருக்குக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல், பூச்சுக்கு ஜிப்சம். கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த அலையாத்திக் கம்புகள். 'சந்தல்' என்பார்கள். கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம், ஏறக்குறைய 3 மீட்டர். அதனால்தான் அந்த அறைகளெல்லாம் ஒடுங்கி நீளமாக இருக்கின்றன. கதவுகளுக்கு நம் மலபார் கரையிலிருந்து தேக்கு போயிருக்கிறது.

மொட்டை மாடிக்கு மேலே சதுரமாக நிற்கும் காற்றுக் கோபுரத்துக்குப் பெயர் பர்ஜீல். நாலு பக்கமும் திறப்பு. உள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சுவர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அந்தப் பக்கத்துக் குழாய் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும், எதிர்ப்பக்கத்துக் குழாய் வழியாக உள்ளேயிருக்கும் வெக்கை வெளியேறும். கோடை மதியத்தில் குடும்பமே அதன் அடியில்தான் படுத்திருக்கும். இன்று எமிரேட்ஸின் சின்னமாகவே ஆகிவிட்ட இந்தக் கோபுரம் ஈரான் கரையிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. அரபு அடையாளம் என்று நாம் சொல்வது துறைமுகத்துக்குத் துறைமுகம் இப்படிக் கலந்து உருவான ஒன்று.

எண்ணெய்ப் பணமும் மின்சாரமும் ஏ.சி.யும் வந்தபோது இதற்கெல்லாம் வேலையில்லாமல் போனது. கண்ணாடிக் கட்டடத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை, அது ஏ.சி.யை நம்பி வெயிலை மறந்துவிட்டது என்பதே.

கேள்வி: புர்ஜ் கலீஃபா ஒரு பாலைவனப் பூவின் வடிவத்தில் கட்டப்பட்டது என்று வழிகாட்டி சொன்னார். உண்மையா?
– அதே கடிதத்தில்

கட்டியவர்கள் தரப்பில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் 828 மீட்டர் உயரத்துக்கு ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் முதல் கவலை காற்று. நடுவில் ஓர் அறுகோணத் தண்டு, அதை மூன்று பக்கமும் முட்டுக்கொடுக்கும் மூன்று சிறகுகள். மேலே போகப்போக ஒவ்வொரு சிறகாகக் குறைந்துகொண்டே வருவது காற்றைக் குழப்பத்தான். பொறியியலாகப் பார்த்தால் அது பேரழகு. பூவைக் காட்டி அதற்கு ஊர் அடையாளம் தேட வேண்டியதில்லை.

கேள்வி: ரியாத்தில் ஒரு வீட்டில் டிரைவராக எட்டு வருஷம் இருந்தேன். அங்கே எல்லா வீட்டுக்கும் இரண்டு வாசல், பெரிய காம்பவுண்டு, அதற்கு மேலும் தகரம் வைத்து உயர்த்தியிருப்பார்கள். ஜன்னலைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி ஏன் இப்படி மூடி வைக்கிறார்கள்?
– கே.எம்., கடையநல்லூர்

எனக்கு வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி இதுதான். பல கட்டடக் கலை மாணவர்கள் கவனிக்காததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள்.

இரண்டு வாசலுக்குக் காரணம் எளிது. ஆண் விருந்தாளி ஒரு வாசலில் நுழைந்து நேரே மஜ்லிஸ் என்ற வரவேற்பறைக்குப் போய்விட வேண்டும். வீட்டுப் பெண்கள் புழங்கும் பகுதி அவர் கண்ணில் படக்கூடாது. விருந்தோம்பலும் வேண்டும், குடும்பத்தின் மறைவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றும் பிளான் அது.

தகரத்தின் கதை வேறு. ரியாத் இருக்கும் நஜ்து என்ற நடுப்பகுதியின் பழைய மண் வீட்டில் முற்றம் நடுவில் இருக்கும். தெருப்பக்கச் சுவரில் திறப்புகள் குறைவு, இருந்தாலும் உயரத்தில் சின்னதாக இருக்கும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும். வெயில் படும் சுவர் குறைவு, எட்டிப் பார்க்க இடம் இல்லை, வீட்டுக்குள்ளேயே வானம் தெரியும். 1950களில் அராம்கோ எண்ணெய்க் கம்பெனி தன் ஊழியர்களுக்காக நாட்டின் கிழக்குப் பகுதியில் ஆரம்பித்த வீட்டுத் திட்டமும், ரியாத்தில் அரசு ஊழியர்களுக்காக எழுந்த அல் மலஸ் குடியிருப்பும் வேறொரு மாதிரியைக் கொண்டுவந்தன. கட்டம் கட்டமான மனை, அதன் நடுவில் தனி வில்லா, நாலு பக்கமும் கட்டாயமாகக் காலி இடம். நம்மூரில் செட்பேக் என்கிறோமே, அதுதான். பிறகு ரியாத்துக்கு மாஸ்டர் பிளான் போட வந்த கிரேக்க நிபுணர் டாக்ஸியாடிஸின் திட்டமும் இதே பாதையில் போனது.

விளைவைப் பாருங்கள். வீட்டுக்குள் இருந்த முற்றம் வீட்டுக்கு வெளியே போய்விட்டது. அந்தக் காலி இடத்தில் பெண்கள் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரியும். அதனால் ஜன்னலை மூடினார்கள், காம்பவுண்டுக்கு மேல் தகரம் அடித்தார்கள். நாலு பக்கமும் வெயில் வாங்கும் வீட்டுக்குள் நாள் முழுக்க ஏ.சி. ஓடியது. நீங்கள் பார்த்த தகரம் அசிங்கமாகத் தெரிந்திருக்கலாம். என்னைப் பொறுத்தவரை நகராட்சி விதி பறித்துக்கொண்ட முற்றத்தை அந்தக் குடும்பங்கள் தகரத்தை வைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அடையாளம் என்ற பேச்சை நான் இங்கேயிருந்துதான் தொடங்குவேன். முகப்பில் எத்தனை வளைவு இருக்கிறது என்பது அப்புறம்.

கேள்வி: கல்லூரியில் ஹசன் ஃபாத்தியைப் பற்றி ஒரு பேராசிரியர் மகான் என்கிறார், இன்னொருவர் தோற்றுப்போனவர் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு கட்டடக் கலை மாணவி, மதுரை

நான் அவர் பக்கம். ஆனாலும் அவர் கட்டிய ஊரில் நடந்ததை மறைக்கமாட்டேன்.

ஃபாத்தி (1900–1989) எகிப்துக்காரர், வசதியான நிலக்கிழார் குடும்பம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பும் மரமும் கிடைக்காமல் மண் கல்லில் வீடு கட்டப் பார்த்தார். சுவர் எழும்பியது, கூரைதான் உட்கார மறுத்தது. வளைவுக் கூரை போட சென்டரிங் வேண்டும், சென்டரிங்குக்கு மரம் வேண்டும், மரம் கிடையாது. அப்போதுதான் தெற்கே அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்களைக் கண்டுபிடித்தார். அவர்கள் மரமே இல்லாமல் வளைவுக் கூரை போட்டார்கள். வழி இதுதான்: முதலில் அறையின் ஒரு முனையிலுள்ள சுவரை உயர்த்திக் கட்டி அதன்மேல் வளைவை மண்ணால் வரைந்துகொள்வார்கள். முதல் வரிசைக் கற்களை நிமிர்த்தி வைக்காமல் அந்தச் சுவரின்மேல் சாய்த்து ஒட்டுவார்கள். அடுத்த வரிசை அதன்மேல் சாயும். கல்லில் வைக்கோல் அதிகமாகக் கலந்து எடையைக் குறைத்திருப்பார்கள், விரலால் கோடு இழுத்திருப்பதால் ஈரமண் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதன் மேல் தொற்றிக்கொண்டே கூரை வளர்ந்துவிடும். கம்பி, பலகை எதுவும் வேண்டாம்.

1945-இல் தொல்பொருள் துறை ஒரு வேலை கொடுத்தது. லக்ஸருக்கு எதிர்க்கரையில் பண்டைய கல்லறைகளின் மேலேயே குடியிருந்த குர்னா மக்களுக்குப் புது ஊர் கட்ட வேண்டும். கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பது அங்கே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. ஃபாத்தி ஒரே மாதிரி வரிசை வீடுகளை வரைய மறுத்தார். குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறு பிளான், உறவுக்காரர்கள் சுற்றிக்கொள்ளும் முற்றங்கள், மசூதி, சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு. ஐரோப்பாவின் கான்கிரீட் நவீனம் உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், அரபு மண்ணுக்கு அதன் சொந்தக் கையே போதும் என்று ஒருவர் நின்று காட்டியது சாதாரண துணிச்சல் இல்லை.

மக்கள் வரவில்லை. பிழைப்பு இருக்கும் இடத்தை விட்டு யார் வருவார்கள்? குவிமாடம் அவர்கள் ஊரில் சமாதிகளுக்கு வைப்பது, அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்கத் தயங்கினார்கள் என்றும் சொல்வார்கள். அரசு அலுவலகங்களின் இழுத்தடிப்பு வேறு. சில வருடங்களில் வேலை நின்றுபோனது, திட்டத்தில் ஒரு பகுதிதான் எழும்பியது.

ஆனால் மனிதர் விடவில்லை. 1980-இல் ஆகா கான் கட்டடக் கலை விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதன் தலைவர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அவர் சீடர் அப்துல் வாஹித் அல் வக்கீல் ஜித்தா கடற்கரையில் கட்டிய சிறு மசூதிகளைப் படத்திலாவது பார், கண்ணு. செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மட்டும்தான். குர்னாவிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது, யாருக்காகக் கட்டுகிறாயோ அவர்களுடைய பிழைப்பையும் பிளானில் வரைய வேண்டும் என்பது. ஃபாத்தியின் கூரையில் கோளாறு இல்லை.

கேள்வி: அரபு நாடுகளில் பெரிய கட்டடங்களையெல்லாம் வெள்ளைக்காரர்கள்தானே வரைகிறார்கள்? நவீன பாணியில் அவர்களுக்கென்று சொந்தமாக யாரும் இல்லையா?
– ஆர்.டி., நாகர்கோவில்

நிறையப் பேர். கெய்ரோவில் சையித் கரீம் 1939-லேயே 'அல் இமாரா' என்று அரபியில் கட்டடக் கலைக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் பாக்தாத்.

1950களில் எண்ணெய் வருமானத்தை வைத்து ஈராக் தன் தலைநகரைப் புதிதாகக் கட்ட நினைத்தது. மேற்கின் பெரிய கட்டடக் கலைஞர்களான ஃபிராங்க் லாய்ட் ரைட்டை ஓபரா அரங்குக்கும், குரோப்பியஸைப் பல்கலைக்கழகத்துக்கும், லே கொர்பூசியரை விளையாட்டு அரங்குக்கும் அழைத்தது. அதே நேரத்தில் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஈராக்கியர்கள் வேறொரு கேள்வியோடு வந்தார்கள்: நவீனமாகவும் இருக்க வேண்டும், பாக்தாத்காரனாகவும் இருக்க வேண்டும், எப்படி? முஹம்மது மக்கியா 13-ஆம் நூற்றாண்டின் பழைய மினார் ஒன்றைத் தொடாமல் அதையே நடுநாயகமாக வைத்துக் குலஃபா மசூதியைக் கட்டினார். ரிஃபாத் சாதிர்ஜி (1926–2020) இன்னும் கறாரானவர். பழைய வடிவங்களை ஒட்டவைக்காமல், செங்கல்லில் அரை உருளைச் சுவர்கள், நீண்டு ஒடுங்கிய திறப்புகள், ஆழமான நிழல் என்று ஊரின் வெயிலையே அவர் கட்டடங்களில் காட்டினார். பாக்தாத்தின் புகையிலை நிறுவனத் தலைமையகம் ஒரு நல்ல உதாரணம்.

1959-இல் பெயர் தெரியாத போர்வீரனுக்கு அவர் ஒரு நினைவுச்சின்னம் வரைந்தார். ஒரே ஒரு வளைவு. பாக்தாத்துக்குப் பக்கத்தில் நிற்கும் டெசிஃபோன் அரண்மனையின் பழைய செங்கல் வளைவை நினைவூட்டும் கோடு, வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. சதாம் ஆட்சியில் 1982-இல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில் பின்னால் சதாமின் சிலை வந்தது. 2003 ஏப்ரலில் உலகமே தொலைக்காட்சியில் பார்க்க இழுத்துத் தள்ளப்பட்டதே, அதே சிலை.

சாதிர்ஜியையும் அவர்கள் விடவில்லை. 1978-இல் அபூ குரைப் சிறையில் போட்டார்கள். அணிசேரா நாடுகளின் மாநாடு பாக்தாத்தில் நடக்கப்போகிறது, நகரத்தை அழகுபடுத்த ஆள் வேண்டும் என்று சதாமுக்குத் தோன்றியபோது அவரை வெளியே எடுத்து அந்த வேலையைக் கொடுத்தார்கள். ஈரானோடு நடந்த போரால் மாநாடு பாக்தாத்தில் நடக்கவே இல்லை. 1983-இல் நம் டெல்லியில் இந்திரா காந்தி தலைமையில் நடந்ததே, அது அந்த மாநாடுதான். சாதிர்ஜி பிறகு நாட்டை விட்டுப் போய், 2020-இல் கொரோனாவில் லண்டனில் காலமானார். அவர் கட்டடங்கள் பல இப்போது இல்லை. பாக்தாத் தெருக்களையும் மனிதர்களையும் அவர் எடுத்து வைத்த படங்கள் இருக்கின்றன. அதை நினைத்தால்தான் கொஞ்சம் ஆறுதல்.

கேள்வி: குவைத் டவர்ஸை வரைந்தது ஸ்வீடன்காரர்கள், பார்லிமென்டை வரைந்தது டென்மார்க்காரர். அப்படியிருக்க அவற்றை அரபு அடையாளம் என்று எப்படிச் சொல்வது?
– ஏ.ஜே., கும்பகோணம் (முன்பு சால்மியா)

தாராளமாகச் சொல்லலாம். குவைத்தில் ஆறு கிடையாது. கடல்நீரைக் குடிநீராக்கித் தேக்கி வைக்கத் தொட்டிகள் வேண்டும். ஸ்வீடன் கம்பெனி முதலில் ஊரெங்கும் காளான் வடிவில் 31 தண்ணீர்க் கோபுரங்களைக் கட்டியது. கடற்கரையில் வரும் கடைசித் தொகுதியாவது கண்ணைக் கவர வேண்டும் என்று ஆட்சித் தரப்பு கேட்டது. மாலீன் பியோர்ன் என்ற பெண் வரைந்ததுதான் நீங்கள் தினமும் பார்த்த மூன்று கோபுரங்கள். 1979-இல் திறந்தார்கள். உருண்டைகளில் மின்னும் நீலப் பச்சை வட்டத் தகடுகள் மசூதிக் குவிமாடங்களின் ஓட்டு வேலையை நினைவூட்டுகின்றன. 187 மீட்டர் பெரிய கோபுரத்தின் கீழ் உருண்டையில் பாதி தண்ணீர், மீதிப் பாதியில் மக்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தண்ணீர் இல்லாத நாட்டின் பெருமை தண்ணீர்த் தொட்டியாக நிற்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

பார்லிமென்டை வரைந்த யோர்ன் உட்சான், சிட்னி ஓபரா அரங்கை வரைந்தவர். மேலே தொய்ந்து தொங்கும் கூடாரத் துணி மாதிரி கான்கிரீட் கூரையைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது உள்ளே: நடுவில் சந்தைத் தெரு மாதிரி ஒரு நீண்ட பாதை, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முற்றங்களைச் சுற்றி அலுவலக அறைகள். 1991-இல் ஈராக் படை பின்வாங்கும்போது அதற்குத் தீ வைத்தது. குவைத் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டது. ஒரு ஊர் தன் கட்டடத்தை எரிந்த பிறகும் திரும்பக் கட்டுகிறதென்றால், அதை முதலில் வரைந்தவர் பிறந்த நாடு எனக்கு முக்கியமில்லை.

கேள்வி: மஷ்ரபியா என்று லேசரில் வெட்டிய ஜன்னல் தட்டிகளைக் கண்காட்சியில் விற்கிறார்கள். இதற்கும் உண்மையான மஷ்ரபியாவுக்கும் என்ன வித்தியாசம்?
– பி.எல்., காரைக்குடி

கெய்ரோவின் பழைய வீடுகளில் மஷ்ரபியா என்பது தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரப் பெட்டி. கடைசலில் உருட்டிய நூற்றுக்கணக்கான சிறு மரத்துண்டுகள், ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று சொருகியவை. உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் நெருக்கமாகவும், மேலே வெளிச்சத்துக்காக அகலமாகவும் பின்னியிருப்பார்கள். துண்டுகள் உருண்டையாக இருப்பதால் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் வழுக்கி உள்ளே வரும். உள்ளே மண் கூஜாவில் தண்ணீர் வைப்பார்கள், காற்றுப் பட்டுக் குளிர்ந்துவிடும். தட்டையான தகட்டில் வெட்டிய நட்சத்திரம் இதில் எதையும் செய்யாது.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் எட்டுமுனை நட்சத்திரத்தில் ஒரு ஜி.ஆர்.சி. (கண்ணாடி இழை கலந்த கான்கிரீட்) பேனல் வரைந்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்துக்கும் அதே, ஆஸ்பத்திரிக்கும் அதே, கார் பார்க்கிங்குக்கும் அதே. முகப்பு 'இஸ்லாமிய' மாதிரி வேண்டும் என்று கேட்டால் அதை எடுத்து ஒட்டிவிடுவது வழக்கம். பல பேனல்களுக்குப் பின்னால் ஜன்னலே இருக்காது. அந்த வேலை எனக்குத் தாங்கவில்லை.

மஷ்ரபியாவின் வேலையைப் பெரிய அளவில் முறையாகச் செய்தவர்களும் உண்டு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் 1987-இல் பாரிஸ் அரபு உலக நிறுவனத்தின் தெற்குச் சுவரில் கேமரா கண் மாதிரி சுருங்கி விரியும் உலோகத் திறப்புகளை வைத்தார். அழகு, ஆனால் இயந்திரங்கள் அடிக்கடி நின்றுபோயின. அபுதாபியின் அல் பஹர் கோபுரங்களில் (2012) குடைகள் மாதிரி முக்கோணத் தட்டிகள் சூரியன் நகர நகர விரிந்து மூடுகின்றன. அதே நூவெல் 2017-இல் லூவ்ர் அபுதாபி அருங்காட்சியகத்துக்கு 180 மீட்டர் அகலத்தில் எட்டு அடுக்குக் குவிமாடம் போட்டார். பேரீச்ச ஓலைக் கூரை வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழுவதைத்தான் அது செய்துகாட்டுகிறது. அதன் கீழே நடந்து பாருங்கள், வெளியே அடிக்கும் வெயில் அங்கே கடுமையாகத் தெரியாது.

கேள்வி: சவூதியில் இப்போது 'சல்மானி பாணி' என்று அரசே சொல்லிக் கட்டச் செய்கிறார்களாமே. நல்லதா?
– கே.எம்., கடையநல்லூர் (இரண்டாவது கேள்வி)

மஸ்கட்டில் இப்படி ஒரு விதியோடு வேலை செய்திருக்கிறேன். உயரத்துக்குக் கட்டுப்பாடு, வெள்ளை அல்லது மணல் நிறம், உள்ளூர் வடிவங்கள். மலைகளை மறைக்காத அமைதியான ஊர் அதனால் கிடைத்தது, அதை நான் மதிக்கிறேன். ரியாத்தில் மன்னர் சல்மான் பெயரிலான கட்டடக் கலை சாசனம் 2021-இல் வந்தது. ரியாத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய ஊரான திர்இய்யாவின் மண் சுவர்களையும் முக்கோணத் துளைகளையும் புதுக் கட்டடங்களில் பார்க்க எனக்கும் பிடிக்கிறது. ஆனால் வீட்டு மனைகளில் செட்பேக் விதியைத் தளர்த்தி, சுவரோடு சுவர் ஒட்டி நடுவில் முற்றம் வைக்க அனுமதித்தால் உங்கள் பழைய முதலாளி முதலில் அந்தத் தகரத்தைக் கழற்றுவார். அதற்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

கேள்வி: வேலைக்காக பஹ்ரைன் போகிறேன். நீங்கள் எழுதுவதையெல்லாம் அங்கே ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?
– ஜி.என்., பட்டுக்கோட்டை

முஹர்ரக் தீவுக்குப் போங்கள், விமான நிலையமே அந்தத் தீவில்தான் இருக்கிறது. முத்துக்குளித்தல் அங்கே பெரிய தொழிலாக இருந்த காலத்து வீடுகளையும் கடைகளையும் இணைத்து 3.5 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2012-இல் அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பஹ்ரைனை முன்பு ஆண்ட ஷேக் ஈசா பின் அலியின் வீட்டில் காற்றுக் கோபுரத்தின் அடியிலேயே போய் நிற்கலாம். வழியில் சுவிஸ் கட்டடக் கலைஞர் வலேரியோ ஒல்ஜியாட்டி கட்டிய பெரிய கான்கிரீட் மண்டபம் வரும். பழைய இடிபாடுகளுக்கு மேலே குடை பிடித்த மாதிரி நிற்கும், உள்ளே நிழலும் காற்றும் தாராளம். சந்துகளில் நடக்கும்போது வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். பல பழைய வீடுகளில் நம் பக்கத்துத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தால் அவர்களே முற்றத்தைக் காட்டுவார்கள். வெயில் இறங்கிய பிறகு கிளம்புங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும்.